நேரா உக்காரும், எதையும் வெட்ட வேண்டாம்

1

இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். நான் எழுதின ரெண்டு வரியிலேருந்து வந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஜூலை மாசம், பழைய ஜப்பான் கார் வெச்சிருக்கறவங்க கூடிப் பேசற ஒரு இணையதளத்துல, முன் பிரேக்கைப் பெருசாக்கறது எப்படின்னு படத்தோட ஒரு குறிப்பு போட்டேன். அதுல எட்டாவது வரி: "நேரா உக்காரும், எதையும் வெட்ட வேண்டாம்." ஒம்பதாவது வரி: "பழசைக் குடுத்துடுங்க, இனிமே தேவைப்படாது."

இந்த ரெண்டு வரியை நம்பின இல்போ ரைஹாங்கறவன் இப்ப இடுப்பெலும்பு ஒடைஞ்சு பக்கத்து டவுன் கயானி ஆஸ்பத்திரியில கிடக்கான். எலும்பு சேந்துடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சேராதது அவன் பேரு. நவம்பர்ல, ஐஸ்ல வழுக்கற கோடை டயர்ல வண்டி ஓட்டின முட்டாள்னு ஊர் பூரா பேச்சு. அவன் தொழில் என்னன்னா, மாட்டுப்பண்ணைக்காரங்க லீவு எடுத்தாலோ, உடம்பு சரியில்லாமப் படுத்தாலோ, அவங்களுக்குப் பதிலாப் போய்ப் பால் கறக்கறது. பண்ணைக்குப் பண்ணை கார்லதான் போகணும். கூப்பிட்டா வந்து சேருவான்ங்கற நம்பிக்கை போச்சுன்னா அவனை யாரும் கூப்பிட மாட்டாங்க. ஏற்கனவே மூணு பண்ணை "அந்த ஆள் வேண்டாம்"னு சொல்லியாச்சு.

அவனோட அக்கா தார்யா என்கிட்ட கேட்டது ஒரு திருத்தம். நாலு வரி போதும்னா. நான் உக்காந்து எழுத ஆரம்பிச்சு பதினோரு பக்கம் ஆச்சு. திருத்தம் இன்னும் வரல. வந்தது இது.

(வண்டி மாடல் பேரு சொல்ல மாட்டேன். எந்த பார்ட் எந்த வண்டியிலேருந்து எடுத்தேன், போல்ட்டை எவ்வளவு முறுக்கணும், எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னா இதையும் ஒருத்தன் பிரிண்ட் எடுத்துட்டு கராஜுக்குள்ள போவான். எண்பத்தேழு மாடல், பழுப்புக் கலர். அது போதும் உங்களுக்கு.)

2

முதல் வரி எழுதறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. எழுதிப் பாத்ததையெல்லாம் அப்படியே விட்டு வெக்கறேன். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு அதுலயே தெரியும்.

"அந்த வருஷம் குளிர் எல்லாரையும் ஏமாத்திட்டு ரெண்டு வாரம் முன்னாடியே வந்து—"

வெட்டிட்டேன். குளிர் யாரையும் ஏமாத்தல. இங்க நவம்பர் மாசம் குளிரும். பொறந்ததுலேருந்து பாக்கறேன்.

"இணையத்துல படிக்கறதை அவங்கவங்க சொந்தப் பொறுப்புலதான் செய்யணும்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச—"

இதை எழுதின கையை அப்பவே ஒடைச்சிருக்கணும். தளத்தோட அடியில பொடி எழுத்துல இருக்கற வரி இது. பொடி எழுத்துல எழுதறவன் எல்லாம் ஏற்கனவே ஏதோ பண்ணிட்டு நிக்கறவன்.

"இல்போ கொஞ்சம் அவசரக்—"

இல்ல. நான் அவனைப் பாத்ததே ஒரே ஒரு தடவை. படுத்துக்கிட்டிருந்தான். படுத்திருக்கறவன் அவசரக்காரனா நிதானக்காரனான்னு எனக்கு எப்படித் தெரியும்?

"என் பேரு ரெய்யோ ஹுஸ்கோனென். வயசு அம்பத்திநாலு. சோட்கமோவுல, வீட்டைச் சூடாக்க ஊருக்கு வெந்நீர் அனுப்பற கொதிகலன் கூடத்துல வேலை. நான் ஒரு தப்பான குறிப்பு எழுதினேன்."

இது நிக்கட்டும். நல்லா இல்ல, ஆனா பொய் இல்ல.

3

பிரேக் வேலையைச் சொல்லணும். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறிடும், அதை நீங்க கவனிச்சுக்கணும். தப்பு பண்ணினவன் குரல் போயி கார்க்காரன் குரல் வந்துடும்.

அந்தக் காலத்து வண்டியில முன்பக்க டிஸ்க் மெல்லிசாத் தட்டு மாதிரி இருக்கும். இறக்கத்துல ரெண்டு தடவை நல்லா மிதிச்சா சூடாகி, மூணாவது மிதிக்குப் பெடல் மட்டும் கீழ போகும், வண்டி தன் பாட்டுக்குப் போகும். அதே கம்பெனியோட பின்னாடி வந்த பெரிய வண்டியில தடிச்ச டிஸ்க் இருக்கு, அதைக் கவ்விப் பிடிக்கற காலிப்பரும் ரெண்டு மடங்கு பெருசு. போல்ட் ஓட்டை மட்டும் அதே அளவு. இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்குப் புதையல் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. காயலான் கடையில ஒரு ஜோடி வாங்கினேன். துரு சுரண்டி, புது ரப்பர் போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடிச்சேன். என் நண்பன் கவுகோ வந்து சீட்டுல உக்காந்து பெடல் மிதிச்சான். நான் கீழ படுத்துக்கிட்டு, மிதி, பிடி, விடுன்னு சொல்லச் சொல்ல, குழாயில இருந்த காத்தெல்லாம் முட்டை முட்டையா வெளிய வந்துச்சு. மாட்டறதுக்கு ஒரு இரும்பைக்கூட அறுக்கல. நேரா உக்காந்துச்சு. அது உண்மைதான், அதுதான் கொடுமை.

இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டேஷன்ல பிரேக் சோதிக்கற உருளை மேல ஏத்திப் பாத்த ஆளு, மீட்டர் முள்ளைப் பாத்துட்டு, "நல்லாப் பிடிக்குதே"ன்னான். எங்க ஊர்ல ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையை அதுக்கு மேல பாராட்ட முடியாது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சுல குறிப்பு எழுதினேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நானும் கவுகோவும் வெச்சிருக்கறது கோடை வண்டி. மே மாசம் வெளிய எடுப்போம், செப்டம்பர் கடைசியில கொட்டகைக்குள்ள விட்டு, பேட்டரியைக் கழட்டி, துணி போத்தி மூடிடுவோம். ஐஸ் உருகச் சாலையில உப்புப் போட்டா பழைய தகரம் ரெண்டே குளிர்ல கரைஞ்சுடும். குளிர்காலத்துக்குன்னு எல்லார்கிட்டயும் வேற ஒரு வண்டி, யாரும் பேரு வெக்காத ஒரு வண்டி, இருக்கும். தளத்துல இருக்கற முக்கால்வாசிப் பேரு இப்படித்தான். அதனால எங்க பேச்சுல வருஷத்துக்கு அஞ்சு மாசம்தான்.

கோடையில அந்தப் பழைய வண்டி பதினஞ்சு இஞ்ச் வீல்ல ஓடுது. அந்தப் பெரிய காலிப்பர் அதுக்குள்ள சொகுசா உக்காரும். ஆனா அந்த வண்டி வெச்சிருக்கற யார் வீட்டுலயும் குளிர்கால வீல்னா அது பதிமூணு இஞ்ச் இரும்பு ரிம், ஐஸ்ல பிடிக்கறதுக்கு ஆணி அடிச்ச டயர். கம்பெனி குடுத்த அளவு அதுதான். அதுக்குள்ள இந்தக் காலிப்பர் கொள்ளாது. ரிம் போயி இடிச்சுட்டு நிக்கும். சுத்தாது.

என் கொட்டகையிலயும் அதே பதிமூணு இஞ்ச் நாலு கிடக்கு. வருஷா வருஷம் அக்டோபர்ல என் இன்னொரு வண்டிக்கு ஆணி டயர் மாட்டறப்ப, வழியில கிடக்குன்னு அந்த நாலையும் என் கையாலயே உருட்டி ஓரமா வெப்பேன். குறிப்பு போட்ட வருஷமும் உருட்டினேன். அடுத்த வருஷமும். ஒரு தடவைகூடத் தோணல.

(எனக்கு வர்ற கோவத்துல பாதி இங்கதான் நிக்குது. தெரியாம இருந்தேன்னா மன்னிச்சுக்கலாம். அது கையில இருந்துச்சு.)

4

இல்போவை இப்ப நான் உங்களுக்குக் காட்டணும். கதை எழுதறவன் அதைத்தானே பண்ணணும். உயரமானவன், கை நிறைய பால் வாசனை, மாட்டோட பேசுவான்... இதெல்லாம் எழுதி வெச்சிருந்தேன். எதுவும் எனக்குத் தெரியாது. மாட்டோட பேசுவானா மாட்டானான்னு நான் எப்படிச் சொல்றது? உங்களுக்கு அவனைப் பிடிக்கணும்னு நானே ஒரு நல்லவனைச் செஞ்சு நிறுத்தப் பாத்தேன். அவனை நல்லவனாக் காட்ட வேண்டிய அவசியமே இல்ல. கெட்டவனா இருந்தாலும் வீல் சுத்தணும்.

தெரிஞ்சது மட்டும் சொல்றேன். வயசு முப்பத்தொம்பது. அவனுக்கு இருந்தது ஒரே வண்டி, அதுலதான் கோடையும் குளிரும். பின்னாடி ஒரு சின்ன டிரெய்லர் இழுப்பான், அதனால பழைய பிரேக் பத்தல. இந்த ஆகஸ்ட்ல என் குறிப்பைப் பிரிண்ட் எடுத்து வரிக்கு வரி டிக் போட்டு மாட்டியிருக்கான். ஒம்பதாவது வரியையும் செஞ்சான். பழைய காலிப்பரைக் கடையில குடுத்துட்டான், அவங்க உருக்க அனுப்பிட்டாங்க.

நவம்பர் மாசம் முதல் சனிக்கிழமை குளிர்கால வீலை எடுத்து மாட்டறான். சுத்தல. மறுபக்கம் மாட்டறான். சுத்தல. திரும்பப் பழசைப் போடலாம்னா பழசு இல்ல. பதினஞ்சு இஞ்ச் ஆணி டயர் ஆர்டர் பண்றான், புதன்கிழமைதான் வரும்ங்கறாங்க. சுத்துவட்டாரத்துல இருக்கற டயர் கடையில எல்லாம் ரெண்டு வாரம் வரிசை, அந்த சீசன்ல அப்படித்தான். அப்புறம் அவன் பண்ண வேண்டியதைச் சரியாப் பண்ணினான். குறிப்பு எழுதின ஆளுக்குச் செய்தி அனுப்பினான். எனக்கு.

"வணக்கம். உன் குறிப்புப்படி மாத்தினேன், நல்லாப் பிடிக்குது, நன்றி. ஆனா குளிர்கால வீல் பதிமூணு இஞ்ச், காலிப்பர்ல இடிக்குது. நீ என்ன பண்ணின? திங்கக்கிழமை வேலைக்குப் போகணும், அதுக்குள்ள தெரிஞ்சா உதவியா இருக்கும். இல்போ."

நான் அப்ப ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தேன். ஒரு கையால பதில் அடிச்சேன். "என்னுது கோடை வண்டி. அளந்து பாத்திருக்கணும்."

அளந்து பாத்திருக்கணும். நான் அளக்கல, அவனைச் சொல்றேன்.

5

அந்தத் திங்கக்கிழமையை எழுத மாட்டேன். எழுதி வெச்சிருந்தேன், ரெண்டு பக்கம், நல்லாவே வந்திருந்துச்சு. பாலம், கீழ ஏரி, கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் எல்லாம். நல்லா வந்திருக்கேன்னு ஒரு இடத்துல எனக்கே சந்தோஷம் வந்துச்சு. அந்த இடத்துலயே கிழிச்சுட்டேன்.

நடந்தது இதுதான். மதியம் ரெண்டு மணி. ஒரு பண்ணைக்காரருக்கு அன்னிக்குக் காலையில ஆபரேஷன். அவரோட முப்பத்திரெண்டு மாட்டுக்குச் சாயங்காலக் கறவை. மாட்டுக்கிட்ட புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்ல முடியாது. இல்போ கோடை டயர்லயே, நாப்பதுக்கு மேல போகாம, கிளம்பினான். சாலை பூரா காஞ்சு கிடந்துச்சு. பாலத்து மேல மட்டும் காயல, ஐஸ் உறைஞ்சு கிடந்துச்சு.

உள்ளூர் பேப்பர்ல மூணு வரி வந்துச்சு. மூணாவது வரி: வண்டியில கோடை டயர் இருந்ததுன்னு போலீஸ் சொன்னாங்க. ஒருத்தன் அதைப் படம் எடுத்து எங்க தளத்துல போட்டான். பேரு இல்ல, "முப்பத்தொம்பது வயசு ஆளு"ன்னு மட்டும்தான். போட்ட உடனே ஆரம்பிச்சாங்க. இங்க ஒருத்தன் குடிச்சுட்டு ஏரியில விழுந்தாக்கூட அய்யோ பாவம்பாங்க. நவம்பர்ல கோடை டயர்ன்னா பாவம் பாக்க மாட்டாங்க.

நானும் எழுதினேன். "இவனுக்கு லைசென்ஸ் குடுத்தவனையும் சேத்து உள்ள போடணும்."

அம்பத்தெட்டு பேர் கட்டைவிரல் தூக்கினாங்க. நான் அந்த எண்ணிக்கையை ரெண்டு தடவை போய்ப் பாத்தேன்.

6

அடுத்த சனிக்கிழமை மதியம், கராஜ் வாசல்ல ஒரு அம்மா சைக்கிளைச் சாத்தி நிறுத்திட்டு உள்ள வந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பள்ளிக்கூடச் சமையல்கட்டுல வேலைன்னு பின்னாடி தெரிஞ்சுது.

"ரெய்யோ ஹுஸ்கோனென் நீதானா?"

"ஆமா. காபி குடிக்கறீங்களா?"

"வேண்டாம்."

எங்க பக்கம் காபி வேண்டாம்னா அறை விழப்போகுதுன்னு அர்த்தம்.

"தளத்துல பனிமண்வெட்டிங்கற பேர்ல எழுதறதும் நீதான்."

"எப்படித் தெரியும்?"

"ஒம்பதாவது படத்துல உன் தபால்பெட்டி தெரியுது. பிரேக்கை மட்டும் படம் எடுக்கத் தெரியல உனக்கு." பையிலேருந்து ஒரு தாளை எடுத்து என் வேலை மேசை மேல வெச்சா. கிரீஸ் கட்டைவிரல் தடம். டிக், டிக், டிக். "நான் தார்யா. இல்போ ரைஹாவோட அக்கா. எட்டாவது வரியை வாசி."

"நான் எழுதினதுதானே."

"அதான், வாசி."

வாசிச்சேன்.

"என்ன உக்காரும்?"

"காலிப்பர். அது அந்த போல்ட் ஓட்டையில—"

"வீல்?"

"கோடை வீல் உக்காரும்."

"கோடைன்னு இந்தத் தாள்ல எங்க இருக்கு? காட்டு. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியல."

"எங்க வண்டியெல்லாம் கோடை வண்டி. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாரும்னா யாரு? நீயும் உனக்குப் பெடல் மிதிச்சவனுமா?"

நான் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைச்சேன். கை சுத்தமாத்தான் இருந்துச்சு.

"உனக்கு எழுதிக் கேட்டான்ல. பதில் போட நேரம் இருந்துச்சு உனக்கு. கேலி பண்ணவும் நேரம் இருந்துச்சு."

"அது அவன்னு தெரியாது."

"ஓ. யாரை யாரைக் கேலி பண்ணலாம்னு தனியா ஒரு லிஸ்ட் வெச்சிருக்கியா?"

"இப்ப நான் என்ன பண்ணணும்ங்கற?"

"நாலு வரி எழுது. உன் குறிப்பை நம்பி மாட்டினான். குளிர்கால வீல் ஏறல. கேட்டான், நீ தட்டிவிட்ட. வேற வழி இல்லாமப் போனான். இதை உன் குறிப்புக்கு மேல போடு. அடியில இல்ல, மேல."

"பண்ணைக்காரங்களுக்கு நானே லெட்டர் எழுதறேன். ஒவ்வொருத்தருக்கும்."

"லெட்டர் வந்தா, அக்காக்காரி போய் அழுதா, பாவம்னு எழுதிக் குடுத்தான்னு நினைப்பாங்க. அந்தத் தளத்தைப் பாக்கற பசங்கதான் அந்தப் பண்ணையில டிராக்டர் ஓட்டறாங்க. அவன் மானம் போன இடத்துலதான் அது இருக்கணும். நான் அதைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் பண்ணை பண்ணையாப் போறேன்."

"குறிப்பையே அழிச்சுடட்டுமா?"

அப்பத்தான் அவ குரல் ஏறுச்சு. "அழிச்சா நீ எழுதினதுக்கு என்ன சாட்சி? கோடை டயர்ல போனான்ங்கறது மட்டும் நிக்கும். அழிக்கறேன்னு மட்டும் சொல்லாத."

7

தளத்தைப் பாத்துக்கறது கவுகோதான். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன். போன் பண்ணினேன்.

"டேய், அந்த பிரேக் குறிப்போட முதல் பதிவைத் திருத்தணும். திறந்து விடு."

"முடியாதுடா. மூணு வருஷப் பதிவு. போன தடவை ஒண்ணைத் திறந்து, அது கீழ இருந்த படமெல்லாம் போயிடுச்சு. என்னை இன்னும் திட்டறாங்க. கடைசிப் பக்கத்துல பதிலாப் போடு."

"கடைசிப் பக்கம் நாப்பத்தொண்ணு. அதை யாரு படிப்பா?"

"ஆர்வம் இருக்கறவன் படிப்பான்."

"நீ படிச்சியா?"

"நான் எதுக்குப் படிக்கணும், பெடல் மிதிச்சதே நான்தானே. ஆமா, பேப்பர்ல வந்த அந்த ஆளு நம்ம குறிப்பைப் பாத்தா பண்ணினான்?"

"வரிக்கு வரி."

"சே." மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. "ரெய்யோ, நீயும் எல்லாத்தையும் உன் தலையில தூக்கிப் போட்டுக்காத. வீலை வெச்சுப் பாக்கத் தெரியாதவன்—"

"கவுகோ, நீ வெச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"நான் வெச்சுப் பாத்தேனா?"

"சரிடா. விடு. தலைப்பை மாத்தலாம். பதிவைத் தொட முடியாது, தலைப்பு மட்டும் என் கையில இருக்கு. ஆனா அறுபது எழுத்துதான் கொள்ளும். அதுக்குள்ள சொல்லி முடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடறேன். என்ன போடணும்னு ஒரே வரியாச் சொல்லு. சுத்தி வளைக்காத."

(ஏன் வெள்ளிக்கிழமைன்னா, நாப்பத்தொண்ணாவது பக்கத்துல ஒருத்தன், பார்ட்ஸ் எல்லாம் வாங்கிட்டேன், சனிக்கிழமை மாட்டறேன், நன்றி பனிமண்வெட்டின்னு எழுதியிருக்கான். அவனுக்கு உடனே பதில் போட்டேன், செய்தியும் அனுப்பினேன். அவன் நன்றி சொல்லிட்டுப் போனவன், திரும்ப உள்ளயே வரல. மாட்டறதுக்கு முன்னாடி குறிப்பைத் திறக்கறப்ப அவன் கண்ணுல கட்டாயம் படப்போறது அந்தத் தலைப்பு ஒண்ணுதான்.)

8

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தப் பகுதியை நான் ரெண்டு தடவை எழுதினேன். முதல்ல எழுதினது இது.

இல்போ என்னைப் பாத்துட்டு, "நீதானா அந்த மண்வெட்டி?"ன்னான்.

"ஆமா."

"பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது. நாலு வீலும் டக்குன்னு நின்னுச்சு. வண்டிதான் நிக்கல."

ஏலக்காய் பன் ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போயிருந்தேன், அதை ஜன்னல் பக்கம் வெச்சேன்.

"சனிக்கிழமை இன்னொருத்தன் மாட்டப் போறான், அதுக்குள்ள தலைப்பை மாத்தறோம். உன் மேல தப்பில்லன்னு போடணும்னு உங்க அக்கா சொல்றாங்க."

"அக்கா சொல்லுவா. என் பேரையெல்லாம் அதுல இழுக்காத. அந்த சனிக்கிழமைக்காரன் மாட்டறதுக்குள்ள வீல் ஏறாதுன்னு சொல்லு, போதும்." கண்ணை மூடிக்கிட்டான். "சொல்லப்போனா அன்னிக்கு நான் அக்கா வண்டியைக் கேட்டிருக்கலாம். கேக்கல. என் திமிரு."

இதோட அந்தப் பகுதி முடிஞ்சுது. படிச்சுப் பாத்தேன், நல்லா இருந்துச்சு. அவனுக்கும் ஒரு குறை இருக்கு, எனக்கும் ஒரு குறை இருக்கு, கதைன்னா இப்படித்தான் இருக்கணும்னு பட்டுச்சு. திருத்தத்துக்குப் பதிலா இந்தப் பதினோரு பக்கத்தை தார்யாவுக்கு மெயில்ல அனுப்பினேன். பாராட்டுவான்னு நினைச்சேனோ என்னமோ. பத்து நிமிஷத்துல போன் வந்துச்சு.

"எந்த வண்டி?"

"என்ன?"

"அக்கா வண்டின்னு எழுதியிருக்கியே. எந்த வண்டி? எனக்கு லைசென்ஸே கிடையாது. இருபது வருஷமா சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன். உன் கராஜ் வாசல்லதான் சாத்தி வெச்சேன், பாத்தல்ல?"

பாத்தேன். ஆறாவது பகுதியில நானே எழுதியும் இருக்கேன், மேல போய்ப் பாருங்க.

"அவன் அப்படிச் சொன்னானா?" தார்யா கேட்டா.

"இல்ல."

"அப்ப யார் சொன்னது?"

"நான்."

போன்ல பள்ளிக்கூடத் தட்டுங்க மோதற சத்தம் கேட்டுச்சு.

"ரெய்யோ. நீ மூணு வருஷத்துக்கு முன்னாடி அளக்காம எழுதின. அது முட்டாள்தனம். இப்ப அளந்து எழுதியிருக்க. என் தம்பி மேல எவ்வளவு தப்பைத் தள்ளினா உனக்குத் தூக்கம் வரும்னு அளந்து எழுதியிருக்க."

"சொல்லப்போனா"ங்கறதுலேருந்து "திமிரு" வரைக்கும் நான் கட்டினது. வெட்டறதுதான் நியாயம். ஆனா வெட்டாம விட்டிருக்கேன், ஏன்னா வெட்டிட்டா என்னை நீங்க யோக்கியன்னு நினைச்சுடுவீங்க. அந்த இடத்தைத் திரும்பப் படிக்கறப்ப, கொஞ்சம் இல்போ மேலயும் தப்பு இருக்குன்னு உங்க மனசுல ஓடுச்சுன்னா, அது நான் உள்ள வெச்சது. எடுத்துக் கீழ போட்டுடுங்க.

அவன் நிஜமா சொன்னது பிரேக் பத்தின அந்த வரியும், தன் பேரை இழுக்காம, சனிக்கிழமைக்காரனுக்கு வீல் ஏறாதுன்னு சொல்லுங்கறதும் மட்டும்தான்.

"அவன் பேரு வேண்டாம்னு சொன்னது நிஜம்"னு தார்யாகிட்ட சொன்னேன்.

"அப்படித்தான் சொல்லுவான். மூணு பண்ணை போனது அவனுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல."

(இந்தக் கதை வெளிய வந்தா அவனுக்குத் தெரிஞ்சுடும். தார்யாகிட்ட கேட்டேன். "அதுக்குள்ள தலைப்பு மாறியிருக்கணும், அவ்வளவுதான்"னா.)

9

முடிவுக்கு வந்தாச்சு. சொல்ல வேண்டியது மூணு.

குளிர்கால வீல் ஏறாது. இது இல்போ கேக்கறது.

இல்போ ரைஹா மேல தப்பில்ல. இது தார்யா கேக்கறது.

தப்பு என்னுது, ரெய்யோ ஹுஸ்கோனென். இதை யாரும் கேக்கல. எனக்குத்தான் எழுதணும்னு இருக்கு.

அறுபது எழுத்துக்குள்ள மூணும் கொள்ளாது. கூட்டிக் குறைச்சு, சுருக்கி, வியாழக்கிழமை பூரா உக்காந்து பாத்தேன். எப்படிப் போட்டாலும் ரெண்டுதான் கொள்ளுது. அதனால மூணு முடிவு எழுதி வெச்சிருக்கேன்.

முதல் முடிவு. எச்சரிக்கையும் என் ஒப்புதலும். சனிக்கிழமைக்காரன் தப்பிச்சுப்பான். எனக்கு என்ன நடக்கும்னு இப்பவே சொல்றேன். "தப்பை ஒத்துக்கற பெரிய மனசு", "இப்படி நாலு பேர் வேணும்"னு எழுதுவாங்க. என் பேரு இன்னும் கொஞ்சம் நல்லா ஆகும். இல்போ பேப்பர்ல வந்த அந்த முப்பத்தொம்பது வயசு ஆளாவே இருப்பான், பண்ணையில வேற ஆளை எடுத்துப்பாங்க.

ரெண்டாவது முடிவு. இல்போ மேல தப்பில்ல, தப்பு என்னுது. தார்யாவுக்கு இதைவிட நல்லது கிடையாது, இதைத் தூக்கிக்கிட்டு எந்தப் பண்ணைக்கும் போகலாம். ஆனா என்ன தப்புன்னு அதுல இல்ல. சனிக்கிழமைக்காரன் யாரோ ரெண்டு பேர் சண்டைன்னு நினைச்சுக்கிட்டு நேரா எட்டாவது வரிக்குப் போவான். இன்னொரு வீல் சுத்தாது.

மூணாவது முடிவு. வீல் ஏறாது, இல்போ மேல தப்பில்ல. என் பேரை எடுத்துட்டா ரெண்டும் கொள்ளுது. நேத்து இதைத்தான் முடிவு பண்ணினேன். தார்யாவும், "உன் பேரு யாருக்கு வேணும்"னு சொல்லிட்டா. எடுத்துட்டேன். எடுத்ததும் உடம்பெல்லாம் லேசாச்சு. நல்லாத் தூங்கினேன்.

காலையில எந்திரிச்சப்ப அந்தத் தூக்கத்து மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு. யார் மேலயும் தப்பில்லாத ஒரு வரியை எழுதிட்டு நல்லாத் தூங்கியிருக்கேன். இல்போ மேல இல்லன்னா அப்ப யார் மேல? தானா நடந்துச்சா? அவன் பண்ணைக்காரங்க கேக்க மாட்டாங்களா, யார்தான் எழுதினான்னு? பெரிய மனசோட நான் விட்டுக் குடுத்தது எனக்கே வசதியா முடிஞ்சிருக்கு. ஆனா என் பேரைத் திரும்ப உள்ள வெச்சா, சனிக்கிழமைக்காரனையோ இல்போவையோ வெளிய தள்ளணும். எதை எடுத்தாலும் எனக்கு ஏதோ ஒரு லாபம் வருது. அதனால இதுல என் தீர்ப்பை நான் நம்பல. நீங்களும் நம்பாதீங்க.

உங்களுக்கு இதுல எந்த லாபமும் இல்ல. உங்களுக்கு இந்த ஊர் தெரியாது, இல்போவைத் தெரியாது, கார் வெச்சிருக்கீங்களான்னுகூட எனக்குத் தெரியாது. என்னைவிட நீங்க சுத்தமானவங்க, இந்த ஒரு விஷயத்துலயாவது.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மணி ஆறு. வெளிய பனி விழ ஆரம்பிச்சாச்சு. கவுகோ கூப்பிட்டுட்டான்.

"எழுதிட்டியாடா?"

"எழுதிட்டேன். மூணு இருக்கு, ரெண்டுதான் கொள்ளுது."

"எதை வெட்டறது?"

"இருடா, ஒருத்தர் படிச்சுக்கிட்டிருக்காங்க. அவங்க சொல்லட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பையன் ராத்திரியே ஜாக்கி வெச்சுடப் போறான்."

போனை உங்க பக்கம் நீட்டறேன். கவுகோ லைன்லதான் இருக்கான். சொல்லுங்க.